நான்காவதாக நின்ற கண்ணாடிக் கூடு

அவளுக்குத் துருவி என்று பெயர் வைத்தவர் முதியோர் இல்லத்துச் சமையற்காரர். யாரைப் பார்த்தாலும் நாலு கேள்வி, பதில் வந்தால் அதற்குள்ளிருந்து இன்னும் எட்டு. அவள் அந்தப் பெயருக்காகக் கோபித்துக்கொண்டதில்லை. கேட்காமல் எப்படித் தெரியும்? ராத்திரி தூங்கினாரா, காலையில் வெளிக்குப் போனாரா, மகன் போன் செய்தானா, செய்யாததால்தான் சோறு இறங்கவில்லையா? பதினோரு வருடம் இருபத்தாறு கிழவர் கிழவிகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டவள். வாயைத் திறந்து கேட்கிறவளுக்குத்தான் நோயாளியின் உடம்பு தெரியும் என்பது அவள் அனுபவம்.

இல்லத்தை ஒருநாள் மூடிவிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு, வீடுகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியில் பெயர் கொடுத்தாள். அவர்கள் அவளைப் பெருநகரத்துக்கு, எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் ஐந்தாம் மாடிக்கு அனுப்பினார்கள். முதல் மாதம் வெள்ளோட்டம். பிடித்திருந்தால் வீட்டுக்காரர் தாளில் கையெழுத்துப் போடுவார். இரண்டு வருடத்துக்கு வேலை உறுதி. பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். திரும்பி வந்த ஆளுக்கு ஏஜென்சி லேசில் இன்னொரு வீடு காட்டாது. இது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

அவள் பார்த்துக்கொள்ள வேண்டியவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பக்கவாதம் வந்து நாலு மாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. புத்தி போகவில்லை. சக்கர நாற்காலியின் கைப்பிடியில் இடது கை விரலால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போகலாம். முப்பது வருடம் விசிலில் சொன்னதை இப்போது விரலில் சொன்னார், அவ்வளவுதான். கஞ்சி போதும் என்றால் ஒரு தட்டு, இன்னும் ஒரு கரண்டி என்றால் இரண்டு. துருவிக்கு இது ஒரே நாளில் பிடிபட்டது.

பிடிபடாதது ஊர்தான்.

வந்த மூன்றாம் நாள் காலை, குப்பை கொட்டுவதற்காக லிஃப்டில் ஏறினாள். ஏழாம் மாடியில் குடியிருக்கும் அம்மா ஒருவர் உள்ளே நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும். மடிப்புக் கலையாத உடை, தோளில் பை. பக்கத்தில் ஒரு மனுஷி ஏறியதே தெரியாதவர் போலக் கதவுக்கு மேலே ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க, இவ்வளவு காலையில?" என்று துருவி கேட்டாள்.

அந்த அம்மாவின் கண் எண்ணை விட்டு நகரவில்லை. காது கேட்கவில்லையோ என்று கொஞ்சம் உரக்க, "முகம் வாடியிருக்கே, உடம்புக்கு ஏதாவதா?" என்றாள்.

கதவு திறந்தது. அந்த அம்மா போய்விட்டார். அன்று மாலையே கண்டக்டரின் மகளுக்கு ஏழாம் மாடியிலிருந்து போன் வந்தது.

"அக்கா, இங்க யாரும் அப்படிக் கேட்க மாட்டாங்க" என்றாள் மகள். ஒரு கம்பெனியில் சம்பளப் பிரிவில் வேலை பார்க்கிறவள். கோபத்தைக்கூடத் தணிந்த குரலில்தான் சொல்வாள்.

"கேட்காம எப்படிம்மா பழகறது?"

"பழக வேண்டாம். அதுதான் விஷயமே."

"அப்போ லிஃப்டுல என்ன பண்ணணும்?"

"நம்பரைப் பாருங்க."

"நான் பார்க்காட்டியும் அது இறங்கத்தானே போகுது."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அடுத்து ஒரு நாள், பாதி காலியான பஸ்ஸில் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள் துருவி. அந்தப் பெண் எழுந்து போய் நின்றுகொண்டே பயணம் செய்தாள். துருவி தன் புடவையை முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. பிறகொரு நாள், சமையலின் நடுவில் உப்பு தீர்ந்துவிட, எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவுக்கு உள்ளிருந்தே, "யார் அனுப்பினாங்க?" என்று ஒரு குரல் கேட்டது. "உப்பு" என்றாள். உள்ளே இன்னொரு தாழ்ப்பாள் விழுந்தது. இரண்டாவது புகார் அந்த வீட்டிலிருந்து வந்தது.

"அக்கா, எனக்கு உங்க மேல கோபம் இல்லை" என்றாள் மகள். "அப்பாவை நல்லா பார்த்துக்கறீங்க. ஆனா நான் இந்த பில்டிங்ல இருந்தாகணும். இன்னொருத்தர் வந்து உங்களைப் பத்திச் சொன்னாங்கன்னா, ஏஜென்சிக்கு வேற ஆள் கேட்டு எழுதிடுவேன்."

"எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பெட்டி கட்ட நேரம் வேணும்" என்றாள் துருவி.

கண்டக்டருடைய மருந்து, கஞ்சி, சிறுநீர் அளவு எல்லாம் எழுதும் நோட்டில், பின்பக்கத்திலிருந்து அவள் வேறு ஒன்றும் எழுத ஆரம்பித்தாள். லிஃப்டில் எண். பஸ்ஸில் தூரம். கதவைத் தட்டுவதற்கு முன் போன். கடையில் கை படாமல் சில்லறை. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் புரியாத வியாதிக்கும் குறிப்பு எழுதித்தான் பழக்கம். ஒரு மாதம் எழுதினால் ஏதாவது ஒன்று வெளியே வரும்.

நாலாவது வாரச் செவ்வாய்க்கிழமை கண்டக்டரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பிசியோதெரபி. அதுவரை மகளே அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள். அன்று அவளுக்கு லீவு இல்லை.

"எட்டு மணிக்கெல்லாம் போயிடுங்க. ஒன்பதுக்கு டோக்கன் குடுப்பாங்க. இடம் பிடிச்சு வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினாள்.

எட்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே துருவி அங்கே போய்விட்டாள். முதல் மாடியில் நீளமான நடைவழி. ஒரு கோடியில் டோக்கன் கொடுக்கும் ஜன்னல், மூடியிருந்தது. மறுகோடியில் படிக்கட்டு. ஒரு ஈ காக்கை இல்லை. முதல் ஆள் நாம்தான் என்று அவளுக்குத் திருப்தி. நாற்காலியை ஜன்னலுக்கு எதிர்ச் சுவரோரம் நிறுத்திவிட்டுத் திரும்பியவள், தரையைப் பார்த்தாள்.

ஜன்னலிலிருந்து படிக்கட்டு வரை தரையெல்லாம் சாமான். ஒரு குடை, ஒற்றைச் செருப்பு, டிபன் பாக்ஸின் மூடி மட்டும், ஒரு கண்ணாடிக் கூடு, செய்தித்தாள் மேல் ஒரு கல், தண்ணீர் பாட்டில்கள், ஒரு தொப்பி. எண்ணிப் பார்த்தாள். இருபத்திரண்டு.

யாருடனும் பேசுவதில்லை, எடுத்து வந்ததையும் மறந்துவிட்டுப் போகிறார்கள், என்ன ஊர் இது என்று நினைத்தாள்.

பராமரிப்புப் பயிற்சியில் முதல் நாள் முதல் பாடம், வயதானவர்கள் நடக்கிற வழியில் ஒரு நூல்கூடக் கிடக்கக் கூடாது என்பது. வழியில் கிடந்த ஒரே ஒரு செருப்பால் இடுப்பு எலும்பு முறிந்து, ஆறு மாதம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்த ஒருவரை அவள் கையாலேயே குளிப்பாட்டியிருக்கிறாள். இதுவோ கால் சரியில்லாதவர்கள் வருகிற இடம். முந்தானையைச் செருகிக்கொண்டு படிக்கட்டுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.

ஒவ்வொன்றையும் எடுக்கும்போது பார்க்காமல் இருக்க அவளால் முடியாது. செருப்பின் குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது. காலை வீசி நடக்கிற ஆள். மூடி மட்டும் இருக்கிறது, பாக்ஸ் இல்லை. யாரோ எங்கோ உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கண்ணாடிக் கூடு பழுப்பு நிறம், ஓரத்தில் தையல் விட்டிருந்தது. திறந்து பார்த்தாள். காலி. அப்படியானால் கண்ணாடி முகத்தில் இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டே கூட்டைத் தொலைக்கிற ஆள் யார்?

எதிர்ச் சுவரோரம் கண்டக்டர் ஒரு தட்டுத் தட்டினார். அவள் திரும்பினாள். மறுபடியும் ஒரு தட்டு. நாற்காலி நகர்கிறதோ என்று போய் பிரேக்கை இறுக்கினாள். அவர் விடவில்லை. ஒன்று, கொஞ்சம் இடைவெளி, ஒன்று. தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல் மறுபடியும் ஒன்று தட்டினார்.

"இருங்க ஐயா, இது ஒண்ணை முடிச்சிட்டு வந்துடறேன்" என்றாள்.

முடித்தாள். ஜன்னல் திண்டின் மேல் செருப்புகள் ஒரு பக்கம், பாட்டில்கள் ஒரு பக்கம், துணி வகை ஒரு பக்கம் என்று இனம் பிரித்து அடுக்கினாள். நடைவழி கண்ணாடி மாதிரி இருந்தது. கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்பதுக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். டீ குடித்தவர்கள், கீழே மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள், ஊன்றுகோலோடு, வாக்கரோடு, பெண்டாட்டி தோளைப் பிடித்துக்கொண்டு. முதலில் வந்தவர் கழுத்தில் பட்டை கட்டிய தடித்த மனிதர். திரும்ப முடியாததால் உடம்பையே முழுக்கத் திருப்பித் தரையைப் பார்த்தார்.

"என் இடம் எங்கே?"

"யாரு தூக்கினது?" என்றாள், கையில் மூடியில்லாத டிபன் பாக்ஸ் வைத்திருந்த பெண்.

"அஞ்சரை மணிக்கு வந்து வெச்சிட்டுப் போனேன்" என்றது இன்னொரு குரல். "என் கல்லைக்கூட விடலை பாருங்க."

துருவிக்கு அப்போதுதான் விளங்கியது. வரிசையில் ஆட்கள் நிற்கவில்லை, அவர்கள் பொருள்கள் நின்றிருந்தன. கால் முடியாதவர்கள் மூன்று மணி நேரம் நிற்க வேண்டாம் என்று தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. யாருக்கும் யாரையும் தெரியாது; ஒருவர் குடைக்குப் பின்னால் இன்னொருவர் செருப்பு, அதை யாரும் தொடுவதில்லை. அந்தச் சின்னக் குடும்பத்தை அவள் ஒரே மூச்சில் கலைத்துவிட்டிருந்தாள். கண்டக்டர் தட்டியது பிரேக்குக்கோ தண்ணீருக்கோ இல்லை.

"நான்தான் எடுத்தேன்" என்றாள். "தெரியாம செஞ்சுட்டேன். வழியில கிடக்குதேன்னு ஒதுக்கினேன்."

"கிடக்குதாம்" என்றார் கழுத்துப் பட்டை. "எந்தக் காட்டுலேர்ந்து வந்தீங்க?"

"ஏம்மா, ஆஸ்பத்திரி ஆளா நீங்க?"

"மூணு மணி நேரம் போச்சு. புகார் எழுதிக் குடுங்க இவங்க மேல. எந்த வீடு, யாரு அனுப்பினதுன்னு கேளுங்க."

புகார் என்றதும் துருவி மனசுக்குள் எண்ணினாள். மூன்றாவது. பெட்டி கட்ட வேண்டியதுதான்.

டோக்கன் ஜன்னல் திறந்தது. உள்ளே இருந்த குமாஸ்தா கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "ஒன்பதுக்கு வரிசை இருந்தா டோக்கன். சந்தைக்கடையா இருந்தா மூடிடுவேன்" என்று சொல்லி, பாதி மூடியும் வைத்தார்.

பன்னிரண்டு நிமிடம் இருந்தது. துருவி ஜன்னல் திண்டைப் பார்த்தாள். இல்லத்தில் ஒருமுறை மருந்துத் தட்டு கவிழ்ந்து, இருபத்தாறு பேர் மாத்திரைகளும் ஒன்றாகக் கொட்டின. அதை மறுபடி பிரித்தவள் அவள்தான். ஒவ்வொன்றும் யாருடையது, ஏன் என்று முன்பே துருவியிருந்ததால் முடிந்தது.

"ஒவ்வொண்ணா எடுத்தவ நான். அதே மாதிரி வெச்சுத் தர்றேன்" என்றாள். "நடுவுல யாரும் பேசக் கூடாது. பேசினா எனக்கு விட்டுப் போயிடும்."

"உங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

"வேடிக்கை பார்த்துக்கிட்டேதான் எடுத்தேன்."

யாரோ சிரித்தார்கள். துருவி கடைசியில் எடுத்ததை முதலில் எடுத்தாள். ஜன்னலுக்கடியில் குடை. அடுத்தது வெளிப்பக்கம் தேய்ந்த செருப்பு. அவள் வைப்பதற்குள்ளேயே காலை வீசி நடந்து ஒருவர் வந்து பக்கத்தில் நின்றார். மூன்றாவது மூடி.

"மூணாவது என் பாட்டில்" என்றார் கழுத்துப் பட்டை.

எதிர்ச் சுவரிலிருந்து ஒரு தட்டு. எல்லோரும் திரும்பினார்கள். கண்டக்டர் கண்ணைத் திறந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். துருவி மூடியைக் காட்டினாள். இரண்டு தட்டு.

"யாரு அவரு?" என்றார் கழுத்துப் பட்டை.

"பஸ் கண்டக்டர். முப்பது வருஷ சர்வீஸ். யாரு எந்த ஸ்டாப்புல ஏறினாங்கன்னு மறக்க மாட்டாரு" என்றாள் துருவி. "உங்க பாட்டில் பச்சை மூடியா, நீல மூடியா?"

"பச்சை."

"பச்சை ஏழாவது."

இரண்டு தட்டு. டிபன் பாக்ஸ் பெண், "டிக்கெட் இல்லாம ஏறப் பார்த்தீங்க" என்றாள். கழுத்துப் பட்டையால் தலையைத் தொங்கப்போடவும் முடியவில்லை.

நாலாவதாகக் கண்ணாடிக் கூட்டை எடுத்தாள். வைத்தாள். யாரும் வந்து பக்கத்தில் நிற்கவில்லை. துருவி நிமிர்ந்து பார்த்தாள்.

கூட்டத்துக்குப் பின்னால், தூணை ஒட்டி, தலையைச் சுற்றிச் சால்வை போட்டுக்கொண்டு ஏழாம் மாடி அம்மா நின்றிருந்தார். கண்ணில் கண்ணாடி. சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையின் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார். பையின் பிடியை இறுக்கிப் பிடித்திருந்த வலது கை விடாமல் நடுங்கியது. பிடியை எவ்வளவு இறுக்கினாலும் நிற்கிற நடுக்கம் இல்லை அது.

அன்று லிஃப்டில் எங்கே கிளம்பினார் என்று துருவிக்கு இப்போது தெரிந்தது. முகம் ஏன் வாடியிருந்தது என்பதும். வேறு சமயமாக இருந்தால், "அட, நீங்களா, எத்தனை நாளா கை இப்படி?" என்று நடைவழி முழுக்கக் கேட்கும்படி போட்டு உடைத்திருப்பாள். கேள்வி நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. இந்த நகரத்தில் மறைத்து வைக்க ஒருவருக்கு ஒரு லிஃப்டின் அளவு இடம்தான் இருக்கிறது. அதற்குள்தான் அவள் அன்று தலையை நீட்டியிருந்தாள்.

"இது யாருது? யாரும் இல்லேன்னா தள்ளி வைங்க" என்றார் ஒருவர்.

"வெச்சவங்க எடுத்துப்பாங்க" என்று சொல்லி, துருவி ஐந்தாவதான கல்லை எடுத்தாள்.

பதினாலாவதில் ஒருமுறை தடுமாறினாள். ஒரு தட்டு விழுந்தது, துண்டையும் தொப்பியையும் மாற்றி வைத்தாள், இரண்டு தட்டு விழுந்தது. இருபத்திரண்டும் நின்றபோது ஒன்பதுக்கு ஒரு நிமிடம் இருந்தது. குமாஸ்தா எட்டிப் பார்த்துவிட்டு ஜன்னலை முழுக்கத் திறந்தார். அவள் திரும்பிப் பார்த்தபோது கண்ணாடிக் கூடு இருந்த இடம் காலியாகி, அங்கே சால்வை போட்ட ஒரு முதுகு நின்றது.

துருவி தன் நோட்டை இருபத்து மூன்றாவதாகத் தரையில் வைத்தாள். கண்டக்டருக்கு முறை வந்தபோது மணி ஒன்றரை. கஞ்சி ஆறிவிட்டது, அவ்வளவுதான் நஷ்டம்.

மாலையில் மகள் வந்ததும் நடந்ததையெல்லாம் சொன்னாள். தவறு நடந்தால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்பதும் அவளுடைய பாடத்தில் உண்டு. மகள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எல்லாத்தையும் கலைச்சிட்டீங்களா?"

"கலைச்சேன். அடுக்கியும் குடுத்துட்டேன். ஐயாதான் சரி பார்த்தாரு."

"அப்பாவா?"

இரண்டு தட்டு.

மகள் கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்தாள். பிறகு, "நம்ம பில்டிங் ஆளுங்க யாராவது அங்க இருந்தாங்களா?" என்றாள்.

துருவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நான் முகத்தைப் பார்க்கலம்மா. பொருளைத்தான் பார்த்தேன்."

வெள்ளிக்கிழமையோடு மாதம் முடிகிறது. கையெழுத்தைப் பற்றி மகள் பேச்செடுக்கவில்லை. துருவியும் கேட்கவில்லை, வெள்ளிக்கிழமை மாலை மட்டும், கட்டிலுக்கடியிலிருந்த பெட்டியை இழுத்துத் தூசி தட்டி வைத்தாள். எதற்கும் இருக்கட்டும்.

மகள் வீட்டுக்குள் வரும்போதே பேசிக்கொண்டு வந்தாள். "லிஃப்டுல ஏழாம் மாடி அம்மா இருந்தாங்க. அவங்களாவே என்கிட்ட பேசினாங்க. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு."

துருவி கரண்டியைக் கஞ்சியில் நிறுத்தினாள்.

"உங்க வீட்டுல இருக்கறவங்க பரவாயில்லை, அவங்களையே வெச்சுக்குங்கன்னாங்க. மூணு வருஷத்துல அவங்க என்கிட்ட இவ்வளவு பேசினதே இல்லை. என்னக்கா பண்ணீங்க அவங்களுக்கு?"

"ஒண்ணும் பண்ணலியே."

"இல்லை, ஏதோ இருக்கு. எங்கயாவது பார்த்தீங்களா? என்ன பேசினீங்க? சொல்லுங்க."

கண்டக்டர் ஒரு தட்டுத் தட்டினார். கஞ்சிக் கிண்ணம் இன்னும் பாதி இருந்தது. மகள் அப்பாவைப் பார்த்தாள், துருவியைப் பார்த்தாள். பையிலிருந்து ஏஜென்சித் தாளை எடுத்து, மேசை ஓரத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்துட்டீங்க" என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆறரை மணிக்கே துருவி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். மேலிருந்து இறங்கி வந்த லிஃப்டின் கதவு திறந்தது. ஏழாம் மாடி அம்மா உள்ளே ஓரமாக ஒதுங்கி நாற்காலிக்கு இடம் விட்டார். கதவு மூடியது. மூன்று பேரும் எண்ணைப் பார்த்தார்கள். ஐந்து. நான்கு.

"ஆஸ்பத்திரிக்குத்தான்" என்றார் அந்த அம்மா, எண்ணைப் பார்த்தபடி.

"சரிங்க" என்றாள் துருவி, எண்ணைப் பார்த்தபடி.

மூன்று. இரண்டு.

"நான் வழியில மாத்திரை வாங்கிட்டு வரணும். நேரமாகும்." நடுங்கும் கை ஒன்று பழுப்பு நிறக் கண்ணாடிக் கூட்டை நாற்காலியின் மேலாக நீட்டியது. ஓரத்தில் விட்டிருந்த தையலை யாரோ புதிதாகத் தைத்திருந்தார்கள். பல் பல்லாகக் கோணலாக, கஷ்டப்பட்டுத் தைத்த தையல். "இதையும் வெச்சிடறீங்களா?"

என்ன மாத்திரை, எத்தனை வேளை, இந்தக் கையோடு ஊசியில் எப்படி நூல் கோத்தீர்கள், கூட வர வீட்டில் யாரும் இல்லையா? துருவி எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, கூட்டை வாங்கி மடியில் செருகினாள்.

"உங்களுதை முன்னாடி வைக்கறேன். எங்களுது அதுக்கு அடுத்தது" என்றாள்.

கதவு திறந்தது. கண்டக்டர் இரண்டு தட்டுத் தட்டினார்.